சாம்பல் டீச்சர்

என் கடைக்குக் கேக் கேட்டு வருகிறவர்கள் உண்டு, டீ கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஒன்றும் வாங்காமல் கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்டுப் போகிறவர்கள் இந்த இரண்டு கூட்டத்தையும்விட அதிகம். அடுப்புச் சாம்பல் கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் நின்று போகிற பெருமாள்மலை முக்கில் என் பேக்கரி இருக்கிறது. எதிர்க்கடையே தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருந்த ஒரு காலையில், சுடிதாருக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டரும் தலையில் குரங்குக் குல்லாவுமாக ஒரு பெண் வந்து நின்றார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் காலிச் சாக்கு.

"அண்ணே, ஒங்க அடுப்புல அள்ளுற சாம்பல என்ன பண்றீங்க?"

"பின்னால கொட்டுறோம்."

"அய்யய்யோ, கொட்டாதீங்க!"

நான் என்னவோ தங்கச் சங்கிலியைக் குப்பையில் போட்டுவிட்டது போல நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். சரி, கேட்டுவிட்டாரே என்று நெய் கேக் ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். சாக்கோடு திரும்பி வரும்போது மதுரைக் குடும்பம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, "இது சுத்தமான நெய்யில பண்ணதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வாய் நிறையக் கேக்கோடு இவர் முந்திக்கொண்டார்.

"இல்லைங்க, டால்டா. ஆனா நல்லாருக்கு, தைரியமா வாங்குங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சாம்பலை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அந்தக் குடும்பம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனது என்பது வேறு விஷயம்.

அதுதான் அவர். ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியாது. தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் முடியாது. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பாயசம் எப்படி என்று சமையல்காரர் ஆசையாகக் கேட்டபோது, "அடி பிடிச்சதுக்கு மேல ஏலக்கா போட்டு மறைச்சிருக்கீங்க" என்றார். ஊராட்சித் தலைவரை முதன்முதலாகப் பார்க்கப் போன இடத்தில் வணக்கம் சொல்லிவிட்டு, "மீசைக்கு டை நல்லாப் புடிச்சிருக்கு. காதுலயும் கொஞ்சம் பட்டிருக்கு பாருங்க" என்றார். தலைவர் அன்று முழுவதும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அலைந்தார். வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் ஊரை விட்டே விரட்டியிருப்போம். இவர் சொல்லிவிட்டு நம்மையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பார். கோபப்பட நேரமே கிடைக்காது.

ஆயக்குடி கொய்யா வியாபாரி வீட்டுப் பெண். கீழே ஒரு பொறியியல் கல்லூரியில் சாலை போடுவது பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். லீவு கிடைத்தால் போதும், ஒரு பையில் கொய்யாவும் இன்னொரு பையில் ஏதாவது ஒரு ஆலையின் கழிவுமாக மேலே வந்துவிடுவார். இரண்டு பையையும் அவர் ஒரே பிரியத்தோடுதான் திறந்து காட்டுவார்.

"நம்ம மலையில தார் ரோடு ஏன் நிக்க மாட்டேங்குது தெரியுமாண்ணே?" என்று ஒருநாள் ஆரம்பித்தார். கீழே கொதிக்கக் கொதிக்கக் கலந்து லாரியில் ஏற்றுகிற தார், கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி மேலே வந்து சேர்வதற்குள் சூடு குறைந்துவிடுமாம். அதைக் குளிரிலும் மூடுபனியிலும் பரப்பினால் ஆறிப்போன களியைக் கரண்டியால் தடவுகிற கதைதானாம். அடுத்த மழைக்கு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்துவிடும்.

அவர் வழி வேறு. தாரைத் தண்ணீரோடு சேர்த்துப் பால் மாதிரி ஆக்கிப் பீப்பாயில் வைத்திருப்பார்கள். அதை ஜல்லியோடு அப்படியே கலந்து பரப்ப வேண்டியதுதான். அடுப்பே வேண்டாம்.

"அப்புறம் என்ன, போட்டுற வேண்டியதுதான?" என்றேன்.

"அங்கதாண்ணே சிக்கல். அதுக்குள்ள இருக்கிற தண்ணி வத்தி இறுகுறதுக்கு நாளாகும். இறுகுறதுக்குள்ள வண்டி ஏறுச்சுன்னா அம்புட்டும் போச்சு. மிச்சத் தண்ணிய உறிஞ்சிட்டு வெரசா இறுக்கிப் புடிக்க உள்ள ஒரு ஆள் வேணும். அந்த ஆளத்தான் தேடிட்டுத் திரியிறேன்."

அந்த ஆள் ஏதோ ஓர் ஆலையின் குப்பைமேட்டில் கிடக்கிறான் என்பது அவர் நம்பிக்கை. வார்ப்பட ஆலை மணல், நூற்பாலை பாய்லர்ச் சாம்பல், காகித ஆலைக் கழிவு, குவாரித் தூசி என்று ஒன்று விடவில்லை. என் அடுப்புச் சாம்பலையும் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒங்க சாம்பல் சரியில்லண்ணே. தண்ணிய நல்லாக் குடிக்கிது, வேல ஒண்ணும் பாக்க மாட்டேங்குது."

"எங்க வீட்லயும் ஒரு மச்சான் இருக்காரு, அதே மாதிரிதான்" என்றேன்.

சோதனைக்கு அவர் எடுத்துப் போனது என் கேக் அச்சுகளை. வட்ட வட்டமாகக் கரிய வில்லைகள் வார்த்து, காய்வதற்கு இடம் வேண்டும் என்று என் கடை அலமாரியிலேயே அடுக்கிவிட்டார். சென்னையிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒன்று அதைப் பார்த்துவிட்டு, "இந்த சாக்லேட் கேக் ஹோம்மேடா?" என்று கேட்டது. "ஆமாங்க, நானே பண்ணதுதான்" என்றார் இவர். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தாரிலிருந்து தொடங்கினார். மாப்பிள்ளைக்கு அது பிடித்துப்போய், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். பெண் வெளியே காரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் ஒரு பாக்கெட் வர்க்கியைக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

கடைசியில் அந்த ஆள் கிடைத்தான். பழனிக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி எரித்து மலைபோல் குவித்து வைத்திருந்த வெளிர் சாம்பல். அதைச் சேர்த்த வில்லையைக் கடை வாசலில் ஓங்கிப் போட்டார். உடையவில்லை. வாசல் சிமெண்டுதான் பெயர்ந்தது. அன்றைக்கு அவர் போட்ட ஆட்டத்தில் ஜீப் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

எங்கள் ஊர் பெருமாள்மலைக்கு மேலே, பூண்டும் பீன்ஸும் போடுகிற சிறிய ஊர். ஊருக்குக் கீழே ஒரு செங்குத்தான வளைவு. ஒரு காலத்தில் பஸ் ஊர் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. வளைவு சிதைந்ததும் டிரைவர் கீழேயே நிறுத்திவிட்டார். அதற்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள், முட்டி வலிக்காரர்கள், நான், எல்லாரும் நடைதான். ஜீப் வைத்திருக்கிற எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், பிரசவ வலியில் துடித்த பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு இறங்கியபோது சக்கரம் அந்தக் குழியில் இறங்கி மாட்டிக்கொண்டது. பிள்ளை ஜீப்பிலேயே பிறந்தது. இரண்டு தடவை சுடு தார் போட்டுப் பார்த்தார்கள், இரண்டு தடவையும் மழை வாரிக்கொண்டு போனது. வளைவைச் சரிசெய்து காட்டுங்கள், பஸ் விடுகிறோம் என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு அப்போது வேண்டியதெல்லாம் அந்த பஸ் ஒன்றுதான். தலைவர் துண்டை அவிழ்த்துவிட்டு, வளைவை டீச்சரிடமே ஒப்படைத்தார்.

டீச்சர் கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பீப்பாய் தார்ப்பால் வாங்கி வந்திருந்தார். வேலைக்கு வந்த மேஸ்திரி, ஆயுசு முழுக்கத் தார் அடுப்பிலேயே வெந்தவர். நெருப்பில்லாமல் தார் ரோடா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. டீச்சர் என் கடைக்கு டீ குடிக்க வந்த நேரம் பார்த்து, "லேசா ஒரு சூடு காட்டுவோமே" என்று ஒரு பீப்பாய்க்கு அடியில் விறகை மூட்டிவிட்டார். பாதிக்குப் பக்கமாகத் தண்ணீர் இருக்கிற சரக்கு அது. நாங்கள் திரும்பி வரும்போது பழுப்பு நுரை பீப்பாய் விளிம்பைத் தாண்டித் திமுதிமுவென்று வழிந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் தங்களை அறியாமல் "பொங்கலோ பொங்கல்!" என்று குரல் கொடுத்துவிட்டார்கள்.

டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது என்று எனக்குத் தெரியும். மிஞ்சியது ஒரே ஒரு பீப்பாய். அது அந்த வளைவுக்கு மட்டும்தான் காணும். தவறினால் இன்னொரு தடவை கிடையாது. கல்லூரியில் தரமாட்டார்கள், எங்களுக்கு பஸ்ஸும் வராது.

அடுத்த நாள் கலந்து பரப்பினார்கள். போடும்போது டிகாஷன் நிறத்தில் இருந்தது, எங்கள் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. டீச்சர் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஜீப்காரர்களைக் கும்பிட்டார்.

"அண்ணன்மாரே, நான் சொல்ற வரைக்கும் இதுமேல வண்டிய ஏத்தாதீங்க. மலைக் குளிரு, இறுகுறதுக்குக் கொஞ்ச நாளாகும்."

"அதெப்புடி டீச்சரம்மா?" என்றான் ஜீப்பில் பிள்ளை பிறந்தவன். "பூண்டு மூட்ட கட்டிக் கெடக்கு. வடுகபட்டிச் சந்தைக்கு வெள்ளனே எறக்கணும். ஒங்க ரோட்டுக்காக எங்க சோலிய விட முடியுமா?"

பஸ் வந்தால் அவனுக்கு ஆள் சவாரி குறையும், அந்த எரிச்சலும் கொஞ்சம் இருந்தது. அன்று ராத்திரி எனக்குக் கடையிலேயே அடுப்பு வேலை. டீச்சர் முகம் சுண்டிப்போய் என்னோடு பெருமாள்மலைக்கு இறங்கினார். விடிந்தால் முதல் ஜீப் ஏறும், எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

விடிந்து நாங்கள் போய்ப் பார்த்தால் வளைவில் ஒரு டயர்த் தடம் இல்லை. ஜீப்புகள் மேலேயே வரிசையாக நின்றன. ஆட்கள் பூண்டு மூட்டையைத் தலையில் வைத்து, செருப்பைக் கையில் பிடித்து, சாலையில் கால் படாமல் ஓரத்து மண்ணில் ஒருவர் பின் ஒருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே வேறொரு ஜீப்பில் ஏற்றிக்கொள்வதாம். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"அண்ணே, நம்ம பேச்சக் கேட்டுட்டாங்கண்ணே!"

எங்கள் ஊர் யார் பேச்சையும் கேட்காது. அப்போதுதான் கவனித்தேன். இறங்குகிற ஒவ்வொரு நெற்றியிலும் வெளிர் சாம்பல் பட்டை.

நடந்தது இதுதான். சாம்பல் ஏற்றி வந்த லாரி டிரைவர் பழனிக்காரர். மலை ஏறுகிற லோடு என்பதால் அடிவாரத்தில் நிறுத்தி, மூட்டைகளுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, மஞ்சள் துணியும் கட்டி அனுப்பியிருக்கிறார். வேலை முடிந்து மிஞ்சிய ஒரு மூட்டை, மாலையோடும் சூட வாசனையோடும் வளைவோரம் இருந்தது. காட்டு வேலை முடிந்து வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பழனியிலிருந்து வந்தது என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். வேறென்ன வேண்டும்? ஊரே பூசிக்கொண்டது. மூட்டை மூட்டையாகத் திருநீறு கலந்த ரோட்டில் செருப்புக் காலை வைப்பதா, சக்கரத்தை ஏற்றுவதா என்று ஒரே இரவில் முடிவாகிவிட்டது.

டீச்சர் வாயைத் திறந்தார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"தாயி, ஒன்னயக் கும்புடுறேன். இந்த ஒருதடவ வாயத் தொறக்காத. சாமியே பாத்துப் பண்ணி வச்சிருக்கு."

"ஆனா அண்ணே, அது அரிசி ஆலை..."

"தெரியும். எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். போதும்ல?"

அன்று அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். துப்பட்டா நுனியை வாயில் கடித்துக்கொண்டார். யார் வந்து, "டீச்சரம்மா, பழனி ஆண்டவர் ரோடு போட்டீங்களே" என்றாலும், "ம்" என்பார், முகம் சிவந்துவிடும், விக்கல் எடுக்கும். நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெரியவர் சாலையில் விழுந்து கும்பிட்டபோது இவர் பாறைக்குப் பின்னால் ஓடிப்போய், ஆளில்லாத பள்ளத்தைப் பார்த்து, "உமிச் சாம்பல், உமிச் சாம்பல்" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்படியே கொஞ்ச நாள் ஓட்டிவிட்டால் பஸ் வந்துவிடும் என்று மனசுக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் அந்த ஜீப்காரன் பெண்டாட்டியோடும் கைக்குழந்தையோடும் வந்தான். பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சளி, பால் குடிக்கவில்லை. மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசினான். இன்னொரு சிட்டிகை எடுத்து, எல்லாரும் செய்வது போல, பிள்ளையின் வாயருகே கொண்டுபோனான்.

"வாயில போடாத!"

அப்படி ஒரு கத்தலை அந்தப் பள்ளத்தாக்கு கேட்டிருக்காது. ஓடிப்போய் அவன் கையைத் தட்டிவிட்டார் டீச்சர். சாம்பல் காற்றில் பறந்தது.

"அது திருநீறு இல்ல! அரிசி ஆலை பாய்லர்ல உமி எரிச்ச சாம்பல்! பிள்ளைக்கு நெஞ்சுல போய் அடைச்சுக்கும். எல்லாரும் நெத்தியையும் கழுவுங்க, கண்ணுல பட்டா உறுத்தும்."

ஒவ்வொருவராக நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். விழுந்து கும்பிட்ட பெரியவர் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு ஒரே கூச்சல். "அப்ப எதுக்குய்யா மூட்டயத் தலையில சொமந்தோம்?" என்றான் ஒருவன். மேலே வரிசையாக ஜீப்புகள் உறுமத் தொடங்கின. டீச்சர் சாலைக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். இப்போது சிரிப்பில்லை.

"நான் காலையிலயே சொல்லிருக்கணும். பஸ் வரணும்னு ஆசப்பட்டு வாய மூடிட்டேன். தப்புதான்" என்றார்.

வாயை மூடச் சொன்னவன் இந்தா நிற்கிறேன் என்று நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஜீப்காரன் பிள்ளையின் வாயைத் துண்டால் துடைத்தான். விரலை விட்டுத் துழாவிப் பார்த்தான். ஒன்றும் உள்ளே போகவில்லை. பிள்ளை அவன் விரலையே சப்பத் தொடங்கியது. அவன் டீச்சரைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், திரும்பி மேலே பார்த்துக் கத்தினான்.

"ஏலே, வண்டிய அமத்துங்கடா! எம்பிள்ள வாயிக்காகத் தன் ரோட்டையே விட்டுட்டு ஓடியாந்துருக்கு இந்தம்மா. எவனாச்சும் இதுமேல சக்கரத்த ஏத்துனீங்க, மண்டைய ஒடச்சிருவேன்!"

சத்தம் அடங்கியது. பூண்டு மூட்டைகள் மறுபடியும் தலைக்கு ஏறின. முதல் மூட்டையை அவன்தான் தூக்கினான். அந்தக் கொஞ்ச நாளும் எங்கள் ஊர் ஓரத்து மண்ணில் நடந்தது, இந்தத் தடவை செருப்புப் போட்டுக்கொண்டு. போகிறபோதும் வருகிறபோதும், "டீச்சரம்மா, இது மண்ணுதானே? வேற ஒண்ணும் கலக்கலையே?" என்று அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அவரும் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

பஸ் வந்த நாளில் ஊரே வளைவில் நின்றது. டிரைவர் கீழே நிறுத்திவிட்டு இறங்கினார். பூட்ஸ் காலால் சாலையை மிதித்தார், ஓரத்தை உதைத்துப் பார்த்தார், அண்ணாந்து ஏற்றத்தைப் பார்த்தார். அப்புறம் டீச்சரிடம் கேட்டார்.

"நிக்குமாம்மா?"

நிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒரு மழைக்காலம் நிக்கும்" என்றார் டீச்சர். "அதுக்கு மேல நிக்காது. மேல இன்னொரு பூச்சுப் பூசணும்."

தலைவர் "ஆத்தாடி" என்று முனகுவது கேட்டது. டிரைவர் டீச்சரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"இதுக்கு முன்னால போட்ட ரெண்டு பேரும் ஆயுசுக்கும் நிக்கும்னாங்க. ஒரு மழைக்காலம்னு கணக்காச் சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன். ஏறுங்கய்யா எல்லாரும்!"

பஸ் முக்கி முனகி அந்த வளைவில் திரும்பி ஏறியபோது நாங்கள் போட்ட சத்தம் மலைக்கு அந்தப் பக்கத்து வெள்ளகவி வரைக்கும் கேட்டிருக்கும். ஜன்னலோரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்காரன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். ஜீப்காரன் பின்படியில் தொங்கிக்கொண்டு விசில் அடித்தான்.

அடுத்த வருஷம் வந்து பூச வேண்டிய பூச்சு வரவில்லை. டீச்சர் வடக்கே எங்கேயோ பனி விழுகிற மலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. தினமும் கடையை அடைத்துவிட்டு அந்த பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறேன். வளைவு அப்படியேதான் இருக்கிறது. அவர் சொல்லி நான் கேட்டதில் பொய்யாய்ப் போனது அது ஒன்றுதான்.